சிலிக்கான் ஏன் உலோகப்போலி? கையில் ஒரு துண்டை வைத்துச் சோதித்துப் பார்க்கும் முறை

சாம்பல் நிறம், நல்ல பளபளப்பு. பார்த்தவுடன் உலோகம் என்றே சொல்லத் தோன்றும். சோதித்தால் ஒரு சோதனை உலோகம் என்னும், இன்னொன்று அலோகம் என்னும். இப்படி இரண்டின் பண்பும் கலந்திருப்பதால்தான் இது உலோகப்போலி.

தேவையானவை: 20 கிராம் சிலிக்கான் கட்டி, உடைந்த சிலிக்கான் வேஃபர் (சில்லு செய்யப் பயன்படும் மெல்லிய தகடு) துண்டு, மல்டிமீட்டர் (மின்னழுத்தம், மின்தடை அளக்கும் கருவி), சால்டரிங் அயர்ன் (பற்றவைக்கும் சூட்டுக்கோல்), 1என்4007 டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிலிக்கான் உறுப்பு), 10% சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், லிட்மஸ் தாள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

படி 1: அடர்த்தி. அளவு உருளையில் நீர் எடுத்துக் கட்டியை மூழ்கடியுங்கள். சிலிக்கானின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.33 கிராம், எனவே நீர்மட்டம் சுமார் 8.6 மில்லிலிட்டர் உயரும். அதே எடை அலுமினியம் என்றால் 7.4தான். அளவு கூடுதலாக வந்தால் கட்டியில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கும். நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள்.

படி 2: உடைத்தல். கட்டியைத் தடித்த துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். தகடாக நசுங்காது, கண்ணாடி போலச் சிதறும். ஒவ்வொரு அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு சகப்பிணைப்பால் (எலக்ட்ரான்களைப் பகிரும் பிணைப்பு) இறுகியிருப்பதால், உலோகத்தைப் போல அணு அடுக்குகள் வழுக்கி நகர வழியில்லை. சில்லுகள் கூர்மையானவை.

படி 3: மின்கடத்தல். பலர் தடுமாறும் இடம் இதுதான். சிலிக்கான் போன்ற குறைகடத்தியைச் சூடேற்றினால் மின்தடை குறையும் என்று படித்துவிட்டு, வேஃபரைச் சூடாக்கி அளந்தால் தடை கொஞ்சம் கூடவே செய்யும். பாடம் தவறில்லை, அது தூய சிலிக்கானுக்குப் பொருந்தும். வேஃபரில் வேண்டுமென்றே சேர்த்த மாசு அணுக்கள் தந்த மின்னூட்டங்கள் அறை வெப்பநிலையிலேயே முழுதாக விடுபட்டுவிட்டன. மேலும் சூடாக்கினால் அவற்றின் ஓட்டம்தான் தடைபடும். போதாக்குறைக்கு, மேலே படர்ந்த மெல்லிய ஆக்சைடு படலத்தால் முனையை அழுத்தும் விதத்திற்கேற்ப அளவீடு தாவும்.

அதனால் வெப்பத்தின் விளைவைப் பார்க்க டையோடை நம்புங்கள், அதனுள் இருப்பதும் சிலிக்கான்தான். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, அயர்னை டையோடின் உடலருகே கொண்டுபோங்கள். சுமார் 0.5 முதல் 0.6 வோல்ட் வரை காட்டிய அளவு, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும்.

வேஃபர் எந்த வகை என்றும் அறியலாம். மீட்டரை மில்லிவோல்ட் நிலைக்கு மாற்றி, சிவப்பு முனையின் உலோகப் பகுதியை மட்டும் சூடாக்குங்கள். அயர்னை விலக்கிவிட்டு இரு முனைகளையும் வேஃபரில் வையுங்கள். நேர்குறி காட்டினால் என்-வகை (மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள்), எதிர்குறி என்றால் பி-வகை (சுமப்பவை எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான துளைகள்).

படி 4: வேதிவினை. சிலிக்கான் தூளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் ஒன்றும் நடக்காது. (ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தாக்கும், ஆனால் அது தோல் வழியே ஊடுருவும் நஞ்சு, தொடவே வேண்டாம்.) அமிலத்தை வடித்துக் கழுவி உலர்த்திய தூளில் 0.1 கிராமை 10 மில்லிலிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடில் இட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்து 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஆக்சைடு கரையும் வரை சற்று அமைதி. பிறகு நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வெளியேறும். முழுதும் வினைபுரிந்தால் சுமார் 170 மில்லிலிட்டர். மூடி போடாதீர்கள், அருகில் தீ கூடாது. வினையே வெப்பம் தருவதால், அளவைக் கூட்டினால் கரைசல் பொங்கி வழியும்.

மீந்த கரைசலை வடிகட்டி ஆறவிட்டு, நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். லிட்மஸ் நடுநிலையை நெருங்கியதும் நிறுத்தினால், பொறுத்திருக்கச் சிலிசிக் அமிலம் கூழாக உறையும். அமிலம் மிகுந்துவிட்டால் உறைய நெடுநேரம் பிடிக்கும். சோதனை தோற்றதாக எண்ணிக் கொட்டிவிடாதீர்கள்.