கான்கிரீட் முகப்பு அணை: வடிகாலில் நடக்கும் தவறுகள்

சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் 71 மீட்டர் உயரமுள்ள கோஹோ அணை 1993 ஆகஸ்ட் 27 இரவு உடைந்ததில் சுமார் 300 பேர் இறந்தார்கள். மணலும் சரளையும் கொட்டி இறுக்கிய அணை அது; நீர்ப்பக்கம் கான்கிரீட் முகப்பு. முகப்புப் பலகையும் உச்சியில் இருந்த தடுப்புச் சுவரும் சேரும் இணைப்பு வழியே தண்ணீர் புகுந்தது. புகுந்த நீரை வெளியேற்றத் தனி வடிகால் இல்லை.

'சரளைதானே, தானாக வடியும்' என்ற நினைப்புதான் முதல் தவறு. ரோலர் போட்டு அடுக்கடுக்காக இறுக்கிய சரளையில் நீர் கீழே இறங்குவதைவிடப் பக்கவாட்டில் எளிதாக ஓடும். ஆகவே அடியில் மட்டும் வடிகால் போட்டால் போதாது; கசிவு அதை எட்டாமலே பின்சரிவின் (நீர் நிற்காத மறுபக்கச் சரிவு) மேற்பகுதியில் ஊறி வெளியே வரும். முகப்பை ஒட்டிக் கீழிருந்து உச்சிவரை சாய்வு வடிகால் ஒன்றை எழுப்பி, அடி வடிகாலோடு இணைக்க வேண்டும்.

பலகைக்கு நேர் பின்னாலுள்ள மெத்தை அடுக்கையே வடிகாலாகக் கணக்கில் எடுப்பவர்களும் உண்டு. அதில் 4.75 மி.மீ. சல்லடையில் இறங்கும் மணல் 35 முதல் 55 சதவீதம் வரை இருக்கும். பலகையில் விரிசல் விட்டால் கசிவை மட்டுப்படுத்துவதே அதன் வேலை. அது எப்படி வடிகாலாகும்?

அடி வடிகாலின் கொள்ளளவைப் பலர் கணக்கிடுவதே இல்லை. 1 மீட்டர் தடிமன், 200 மீட்டர் அகலம், 50-க்கு 1 சரிவு, ஊடுருவுதிறன் (சரளை நீரை எவ்வளவு எளிதாகக் கடக்கவிடுகிறது என்பதன் அளவு) விநாடிக்கு 1 செ.மீ. என்றால் விநாடிக்கு 40 லிட்டர்தான் போகும். இணைப்பு ஒன்று கிழிந்தாலே விநாடிக்கு 100 லிட்டர் வரலாம். தடிமனைக் கூட்டுவதைவிட, மணலைக் கழுவி எடுத்த 20–40 மி.மீ. சரளையை நடுவில் வைப்பது பலன் தரும். ஆனால் பெரிய சரளையில் நீர் கொந்தளித்து ஓடும். மேலே போட்ட கணக்குக்கு அடிப்படையான டார்சி சூத்திரம் மெதுவான, சீரான ஓட்டத்துக்கே பொருந்தும்; அது தரும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. குவாரியில் ஒழுங்காக இருந்த சரளையும் லாரி, ரோலரின் கீழ் நொறுங்கித் தூள் சேரும். எனவே சல்லடைச் சோதனையை இறுக்கிய பிறகும் செய்யுங்கள். 0.075 மி.மீ.க்குக் குறைந்த தூள் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அடுக்கை அகற்றிவிடுவதே நல்லது.

நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் அடுக்கே வடிகட்டி. அதன் டி15 அளவு (எடையில் 15 சதவீதத் துகள்கள் எந்த அளவைவிடச் சிறியவையோ அது), அது காக்கும் மண்ணின் டி85 அளவைப்போல் (அதேபோல் 85 சதவீதத்துக்கு) 4 மடங்குக்குள் இருக்க வேண்டும். சரிவில் உயரத்திலிருந்து கொட்டினால் பெருங்கற்கள் அடியில் ஒதுங்கி, காகிதத்தில் சரியாக இருந்த வடிகட்டி களத்தில் ஓட்டையாகும்.

வடிகாலின் வெளிவாயை மண்ணால் மூடிவிடாதீர்கள். அங்கே கசிவை அளக்க, மேல்விளிம்பில் V வடிவ வெட்டுள்ள 90 பாகை வி-வெட்டுத் தடுப்பு வையுங்கள்: வெட்டின் முனைக்கு மேல் 10 செ.மீ. நீர் நின்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர். அளவு ஏறுவதைவிட, தெளிவாக வந்த நீர் கலங்கி வருவதுதான் ஆபத்து.