20 லட்சத்துக்குப் புது ஃபேமிலி செடானா, பழைய சொகுசு செடானா? முடிவெடுக்க ஒரு வழி

20 லட்சம் பட்ஜெட்டில் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் ஆகியவற்றில் நல்ல வேரியன்ட்டாகப் பார்த்துப் புதிதாகவே எடுக்கலாம். அதே பணத்துக்கு, ஐந்தாறு வருடம் ஓடிய பிஎம்டபிள்யூ 3 சீரிஸோ, மெர்சிடிஸ் சி கிளாஸோ, ஆடி ஏ4-ஓ யூஸ்டு கார் கடையில் மெழுகு போட்டுத் துடைத்து நிற்கும். எங்கள் வீட்டில் இந்த வாக்குவாதம் சில மாதம் ஓடியது. கடைசியில் வெர்ட்டஸ் 1.5 எடுத்தோம். உங்கள் வீட்டுக்கு வேறு விடை வரலாம். எந்த வரிசையில் யோசித்தால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

டவுன் பேமென்ட், இஎம்ஐ, ஆன்ரோடு விலை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: பின்சீட்டில் யார்?

எஞ்சினைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். வண்டியில் வழக்கமாகப் போகும் எல்லோரையும், முக்கியமாக மூட்டு வலி இருக்கும் பெரியவர்களையும், கூட்டிக்கொண்டு போங்கள். எல்லோரும் ஏறி, கதவை மூடி, கால் மணி நேரம் உட்காருங்கள்.

3 சீரிஸ், சி கிளாஸ் இரண்டும் பின்சக்கர டிரைவ். எஞ்சினிலிருந்து பின்பக்கம் போகும் ஷாஃப்ட்டுக்கு இடம் விட, பின்சீட்டுத் தரையின் நடுவில் ஒரு பெரிய மேடு இருக்கும். ஆடி ஏ4 நம் ஊரில் முன்சக்கர டிரைவாக வந்தாலும் அந்த மேடு அதிலும் உண்டு. நடுவில் உட்காருபவர் ஒரு காலை இந்தப் பக்கமும் இன்னொரு காலை அந்தப் பக்கமும் போட்டுத்தான் உட்கார வேண்டும். புடவை கட்டிய அம்மாவால் அப்படி உட்கார்ந்து திருச்சியிலிருந்து திருப்பதி வரைக்கும் வர முடியாது. 2021-ல் வந்த 3 சீரிஸ் கிரான் லிமோசினின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 2961 மி.மீ., வெர்ட்டஸுக்கு 2651 தான். கால் நீட்ட அதில் தாராளமான இடம். ஆனால் அந்தத் தாராளம் ஓரத்தில் உட்காரும் இருவருக்கு மட்டும்தான்.

அடுத்தது உயரம். சொகுசு செடான்களில் சீட் தாழ்வாக இருக்கும். உட்காரும்போது தெரியாது, எழுந்து வெளியே வரும்போது முழங்காலில் தெரியும். இறங்கும்போது அம்மா கதவையோ தூணையோ பிடிக்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

டிக்கியையும் திறந்து பாருங்கள். வெர்னா 528 லிட்டர், வெர்ட்டஸ் 521, பெட்ரோல் சிட்டி 506. சிட்டியின் ஹைபிரிட் மாடலில் பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் 306 தான். சில சொகுசு வண்டிகளில் ஸ்டெப்னி டிக்கிக்குள்ளேயே தரைக்கு மேல் கிடக்கும். வேறு சிலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயர்தான்.

வீட்டில் நான்கு பேருக்கு மேல் என்றால் பெரும்பாலும் இந்தப் படியிலேயே விடை வந்துவிடும்.

படி 2: ஐந்து வருடச் செலவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம். வங்கிகளின் இஎம்ஐ கால்குலேட்டர் கடனை மட்டும்தான் காட்டும். கூகுள் ஷீட்ஸில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் புது வண்டி, மற்றதில் பழைய வண்டி என்று எழுதுங்கள். கடன், இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், எரிபொருள், எதிர்பாராத ரிப்பேர், ஐந்து வருடம் கழித்து விற்கும் விலை. இந்த ஏழும் போதும்.

கடன்: யூஸ்டு காருக்கு வட்டி கூடுதல். 10 லட்சத்துக்கு ஐந்து வருடம், 9 சதவீதம் என்றால் மாதம் 20,758 ரூபாய். 12 சதவீதம் என்றால் 22,244.

சர்வீஸ், டயர், ரிப்பேர்: இங்கேதான் பலரும் தவறான எண்ணைப் போடுகிறார்கள். 60 லட்சத்துக்கு விற்ற வண்டி ஆறு வருடத்தில் 20 லட்சத்துக்கு இறங்கிவிடலாம், அதன் ஹெட்லைட் விலை இறங்காது. பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் ஆர்ம், எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கின் ஆயில் மாற்றம் என எதை எடுத்தாலும் 60 லட்ச ரூபாய் வண்டியின் பில்தான் வரும். அதனால் ரிப்பேர் தொகையை எழுதும்போது வண்டியின் இன்றைய விலையை மறந்துவிடுங்கள். புதிதாக விற்ற விலையை மனதில் வைத்து, சர்வீஸ் சென்டருக்கே போன் போட்டு நான்கு பாகங்களுக்கு விலை கேளுங்கள்: முன் பிரேக் டிஸ்க் ஜோடி, ஒரு ஹெட்லைட், முன் பம்பர், பேட்டரி. வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் சரியான விலை சொல்வார்கள்.

புதுச் சொகுசு வண்டியே எடுக்கலாமா என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22-லிருந்து இந்த ஃபேமிலி செடான்கள், சொகுசு செடான்கள் இரண்டுக்குமே ஜிஎஸ்டி 40 சதவீதம்தான். அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து, 1500 சிசிக்குள் இருந்த நீள செடான்களுக்கு 45, பெரிய எஞ்சின் செடான்களுக்கு 48. ஆனால் தமிழ்நாட்டின் ஆயுள் வரி அப்படியில்லை. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 60 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டுமே 12 லட்சம். விற்கும்போது அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

யூஸ்டு வாங்குபவர்கள் அந்த ஜிஎஸ்டி தேதியைப் பேரத்தில் பயன்படுத்துங்கள். புது வண்டியின் விலை இறங்கிய பிறகும் பழைய விலையையே சொல்லும் புரோக்கரிடம், இன்றைய ஷோரூம் விலையைக் காட்டிப் பேசலாம்.

படி 3: இன்சூரன்ஸ். இதை அவசரமாகத் தாண்டாதீர்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். பிரீமியம் தொகையை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 2022-ல் அறிவித்த விகிதப்படி மூன்றாம் நபர் பிரீமியம் 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை வருடத்துக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897. பிரச்சினை பாலிசிக்குள்ளே இருக்கிறது.

முதலாவது, தேய்மானக் கழிவு. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் தருவார்கள். உலோகப் பாகங்களுக்கு, வண்டிக்கு ஐந்து வயது தாண்டினால் 40 சதவீதம் கழிப்பார்கள். இதைத் தவிர்க்கத்தான் ஜீரோ டெப். ஐந்து வயது தாண்டிய வண்டிக்குப் பல நிறுவனங்கள் அதைத் தருவதில்லை, தருபவர்களும் கூடுதலாகக் கேட்பார்கள். சரியாக அந்த வயதில்தான் சொகுசு செடான் நம் பட்ஜெட்டுக்குள் வருகிறது. 1 லட்சம் ரூபாய்க்கு பம்பரும் மற்ற பிளாஸ்டிக் பாகங்களும் போனால் 50,000 உங்கள் கையிலிருந்து போகும்.

இரண்டாவது, ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு. இதை ஏஜென்ட்டுகள் விளக்கிச் சொல்வது குறைவு. ரிப்பேர் செலவு ஐடிவியின் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று முடித்துவிடுவார்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் ஐடிவியை நிறுவனமும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்வீர்கள். பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியை 12 லட்சமாக வைத்தால் எல்லை 9 லட்சம். முன்பக்கம் மோதி ஏர்பேக் விரிந்து, இரண்டு ஹெட்லைட்டும் ரேடியேட்டரும் போனால், 60 லட்ச ரூபாய் வண்டியின் பாக விலையில் அந்த 9 லட்சம் வெகு சீக்கிரம் வந்துவிடும். சரிசெய்து ஓட்டக்கூடிய வண்டியாக இருந்தாலும் கையை விட்டுப் போய்விடும். புது ஃபேமிலி செடானில் அதே அடி அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வருவது அரிது.

எனவே விலை பேசுவதற்கு முன்பே வண்டியின் பதிவு எண்ணைப் போட்டு இரண்டு மூன்று நிறுவனங்களில் கோட்டேஷன் வாங்குங்கள். ஜீரோ டெப் உண்டா, எஞ்சின் பாதுகாப்பு உண்டா, அதிகபட்ச ஐடிவி எவ்வளவு என மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கும் ஊர் என்றால் எஞ்சின் பாதுகாப்பு இல்லாமல் எந்த வண்டியையும் எடுக்காதீர்கள்.

படி 4: பழைய சொகுசு வண்டிதான் என்றால், ஸ்கேனரோடு போங்கள்

டயர் தேய்மானம், பெயின்ட், சர்வீஸ் ரெக்கார்டு பார்ப்பதெல்லாம் வழக்கமானது. நான் வலியுறுத்துவது ஓபிடி ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் கருவி.

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் டாங்கிள் எஞ்சின் சம்பந்தப்பட்ட பழுதுக் கோடுகளை (code) மட்டும்தான் படிக்கும். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் மாட்யூல்களைப் படிக்க அந்தந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வேண்டும். ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கும் தனி மெக்கானிக் ஒருவரை, கட்டணம் கொடுத்துக் கூட்டிப்போவதுதான் என் விருப்பம்.

ஆனாலும் அந்த மலிவு டாங்கிள் ஒரு முக்கியமான வேலை செய்யும். அதன் ஆப்பில் 'ரெடினஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். வண்டி தன் எஞ்சின் புகைக் கட்டுப்பாட்டைத் தானே சோதித்து முடித்ததா என்பதை அது காட்டும். யாராவது பழுதுக் கோடுகளை அழித்திருந்தால் அந்தச் சோதனைகள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது, ரெடினஸ் பக்கத்தில் மட்டும் 'முடியவில்லை' என்று வரிசையாக நிற்கும். 'கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்' என்ற எண்ணையும் பாருங்கள். நாங்கள் பார்த்த ஒரு டீசல் செடானில் அந்தத் தூரம் 11 கிலோமீட்டர். விற்பவர் பேட்டரி மாற்றியதாகச் சொன்னார். பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இப்படி ஆகும் என்பதால், அது நடக்கக்கூடியதுதான். பேட்டரி பில் கேட்டோம், வரவில்லை. அந்த வண்டியை விட்டுவிட்டோம். நீங்கள் இப்படி ஒன்றைப் பார்த்தால், சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்ய அனுமதி கேளுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடலாம்.

டீசல் என்றால் இன்னொன்று. தினமும் பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டும் வீட்டுக்கு டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் பொருந்தாது. அந்த ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும்.

படி 5: உங்கள் தெருவில் ஓட்டுங்கள்

ஷோரூம் ஆட்கள் நல்ல ரோட்டில்தான் கூட்டிப்போவார்கள். ஐந்து பேரை ஏற்றி, உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றுங்கள். வெர்ட்டஸ், ஸ்லாவியாவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 179 மி.மீ., அதனால் எங்கள் தெருவில் அடி தட்டவில்லை.

சொகுசு வண்டியின் உண்மையான மதிப்பையும் இந்தப் படியில் மனசாரப் பாருங்கள். நான்கு வழிச்சாலையில் 100-ல் போகும்போது 3 சீரிஸில் கிடைக்கும் அமைதி, ஸ்டீயரிங்கின் கனம், வளைவில் வண்டி உட்காரும் விதம் எதுவும் எங்கள் வெர்ட்டஸில் கிடையாது. வாரம் ஒருமுறை சென்னைக்கும் மதுரைக்கும் தனியாக ஓட்டுபவர், வீட்டில் இன்னொரு கார் வைத்திருப்பவர், பக்கத்திலேயே சர்வீஸ் சென்டர் இருப்பவர் என்றால் அந்தப் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் நிறுவனத்தின் சொந்த யூஸ்டு பிரிவில், வாரன்ட்டியோடு எடுங்கள். பிஎம்டபிள்யூ பிரீமியம் செலக்‌ஷன், ஆடி அப்ரூவ்டு பிளஸ் போன்றவை அதற்குத்தான் இருக்கின்றன. விலை கூடுதல்தான், கொடுக்கலாம்.

பாதுகாப்புக்காக சொகுசு வண்டி என்ற வாதம் இப்போது பலவீனமாகிவிட்டது. ஸ்லாவியா, வெர்ட்டஸ் 2023 ஏப்ரலிலும், வெர்னா அதே வருடம் அக்டோபரிலும் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கின.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டதிலிருந்து

டெல்லி பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் கேட்டார்கள். அங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று நீதிமன்றக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து பழைய வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு வருகின்றன. ஆனால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டும். அதையும் சேர்த்த பிறகு மலிவா என்று பாருங்கள். கடன் முடிந்த வண்டி என்றாலும் ஆர்சியில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கலாம். படிவம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான எந்த வண்டியானாலும், பெட்ரோல் மூடியின் உட்புற ஸ்டிக்கரையும் கையேட்டையும் பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து நிறுவனத்திடம் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் பதிவு வண்டி பார்ப்பவர்களுக்கு: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி கிடக்கும் குழியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம்.