கோடையில் குருசடைத் தீவு: டிக்கெட்டுக்கு முன் காற்றைப் பாருங்கள்

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. மீனவர் ஒருவரிடம் பணம் கொடுத்து நினைத்த தீவில் இறங்கிவிட முடியாது, வழக்காகிவிடும். முதல்முறை போகிறவர்களுக்குக் குருசடைத் தீவுதான் சரி. பாம்பனை ஒட்டிய குந்துகாலிலிருந்து வனத்துறையே படகு விடுகிறது. விவேகானந்தர் 1897-இல் வந்திறங்கிய இடமும் இந்தக் குந்துகால்தான்.

முந்தின நாளே வனத்துறைக்குப் போன் செய்து படகு உண்டா, கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும்.

அடுத்தது காற்று. வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். வானம் பளிச்சென்று இருக்கும், படகு மட்டும் ஓடாது. இந்தப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். பாக் நீரிணை வடகடல். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகடலைப் புரட்டும். கோடை முற்றிக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று கிளம்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். காலையில் பாம்பன் சாலைப் பாலத்தில் வரும்போதே பஸ் ஜன்னல் வழியாக இரண்டு பக்கமும் பாருங்கள். தெற்கே அலை உச்சிகளில் வெள்ளை நுரை உடைந்துகொண்டிருந்தால் குருசடையை மறந்துவிடலாம். அப்படியே திரும்பி, தேவிபட்டினம் தாண்டித் தொண்டி சாலையில் இருக்கும் காரங்காட்டுக்குப் போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் அங்கும் படகுச் சவாரி உண்டு. போனில் வரும் வானிலைச் செயலியை நான் நம்புவதில்லை; கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணாச்சி சொல்வதே கணக்கு. எப்படியானாலும் காலைப் படகையே பிடியுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

குடை வேண்டவே வேண்டாம், காற்று பிடுங்கிவிடும். ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொள்வது தொப்பியைவிட மேல். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். ரப்பர் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும். பின்னால் வார் வைத்த செருப்பு போடுங்கள். இறங்கும் இடத்தில் பவளத் துண்டுகள் பிளேடுபோலக் கீறும்.

படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்தால் படம் நன்றாக வரும், குடலும் சேர்ந்து வரும். குமட்டல் உள்ளவர்கள் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும், போனை அல்ல. தீவில் சிப்பி, பவளம் எதையும் எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: தடைக்காலத்தில் படகு ஓடுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை மீன்பிடி விசைப்படகுகளுக்குத்தான். சவாரிப் படகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள், சிறுவர் அளவில் மிதவை அங்கி இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள். பெரியவர் அங்கியை மாட்டிவிட்டால் தண்ணீரில் அங்கி மேலே வரும், பிள்ளை கீழே நழுவும். வாரை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.