எடை காட்டுகிறது, கொழுப்பு காட்டவில்லையா? ஸ்மார்ட் வெயிட் மெஷினைப் பழக்குவது எப்படி

மெஷின் மேல் ஏறியதும் எடை பளிச்சென்று வந்துவிடுகிறது. ஆப்பைத் திறந்தால் கொழுப்பு, தசை, நீர்ச்சத்து எல்லாவற்றுக்கும் எதிரே வெறும் கோடு. என்னை அதிக நேரம் சுற்றவிட்டது இதுதான். அதனால் பேட்டரி போடுவது, ஆப் இறக்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும் என்று விட்டுவிடுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இந்த மெஷின் பாதம் வழியாக மிகச் சிறிய மின்னோட்டத்தை உடலுக்குள் அனுப்புகிறது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. புது மெஷின் வந்தால் வீட்டில் எல்லோரும் ஒரு தடவை ஏறிப் பார்ப்பார்கள், ஆகவே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

1. இடம்

பாய், மிதியடி, கார்ப்பெட் எதுவும் வேண்டாம், வெறும் தரைதான். எடையை உணரும் சென்சார்கள் நான்கு மூலைக் கால்களிலும் இருக்கின்றன. ஒரு கால் டைல்ஸ் இடுக்கில் இறங்கினாலும் எடை மாறும். இடம் மாற்றினால் ஒரு முறை ஏறி இறங்கி, மெஷின் அணைந்த பிறகு மறுபடி ஏறுங்கள்.

எடை சரிதானா என்று பார்க்க, அடுத்தடுத்து ஏறி ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. அதை நம்பாதீர்கள். பல மெஷின்கள் சற்றுமுன் காட்டிய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, வித்தியாசம் சிறியதாக இருந்தால் அதையே திருப்பிக் காட்டும். பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். 5 கிலோவும் கொஞ்சமும் கூடினால் மெஷின் சரி.

2. போனோடு இணைப்பது

போனின் ப்ளூடூத் செட்டிங்ஸுக்குள் போய் இணைக்காதீர்கள். ஆப்புக்குள் இருந்துதான் சேர்க்க வேண்டும், அதுவும் மெஷின் மேல் ஏறி அது விழித்திருக்கும்போது. ஆண்ட்ராய்டு 11 வரை லொக்கேஷன் அனுமதி கேட்கும், 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ அனுமதி. மறுத்தால் மெஷின் கண்ணிலேயே படாது.

வைஃபை உள்ள மாடலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பது என் கட்சி, ப்ளூடூத் போதும். கம்பெனி ஆப்பில் கணக்கு தொடங்கப் பிடிக்கவில்லை என்றால் ஆண்ட்ராய்டில் ஓப்பன்ஸ்கேல் என்ற இலவச ஆப் இருக்கிறது. பல மெஷின்களோடு பேசும், விவரங்கள் போனிலேயே இருக்கும்.

3. உயரம்

இதை அவசரமாகத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதே இல்லை. தசையில் நீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தடை அதிகம். அந்தத் தடையோடு உங்கள் உயரம், எடை, வயது, பாலினம் எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டுத்தான் கொழுப்பைக் கணக்கிடுகிறது. அதில் உயரத்தை அதே உயரத்தால் பெருக்குகிறது, தவறும் கூடவே பெருகும்.

நம் ஊர்ச் சிக்கல் என்னவென்றால், 5 அடி 6 அங்குலத்தை 5.6 என்றே எழுதிப் பழகிவிட்டோம். 5.6 அடி என்றால் 170.7 செ.மீ. உண்மையில் இருக்க வேண்டியது 167.6. 5 அடி 10 அங்குலக்காரர் 5.10 என்று போட்டால் கதை கந்தல்: 177.8 செ.மீ. மனிதர் 155 ஆகிவிடுவார். சுவரோடு நின்று டேப் வைத்து அளந்து, சென்டிமீட்டரிலேயே போடுங்கள்.

4. ஏறி நிற்பது

கோடு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். எடை முதலில் நிலைக்கும், தடையை அளப்பது அதற்குப் பிறகுதான். எண் நின்றதும் ‘அவ்வளவுதான்’ என்று இறங்கிவிட்டால் அடுத்த வேலை நடக்காது. திரையில் ஓடும் குறி நிற்கும்வரை அசையாமல் நில்லுங்கள்.

அப்புறம் பாதம். சாக்ஸ் கூடாது என்பது தெரியும். ஆனால் வெறுங்காலிலும் வரவில்லை என்றால் குதிகாலைத் தடவிப் பாருங்கள். செருப்பில்லாமல் நடந்து தடித்த தோல், பித்தவெடிப்பு இரண்டும் மின்சாரத்தை உள்ளே விடாது. ஈரத்துணியால் பாதத்தை ஒற்றி எடுத்துவிட்டு ஏறுங்கள். சொட்டச் சொட்ட ஈரம் வேண்டாம், லேசான பிசுபிசுப்பு போதும். எனக்குக் கோடு மறைந்து எண் வந்தது இந்தத் துணியால்தான். எண்ணெய்க் குளியல் நாளில் பாதத்தில் எண்ணெய் இருந்தாலும் இதே கதைதான், மெஷினின் உலோகப் பகுதியையும் துடைத்துவிடுங்கள். தொடைகள் ஒட்டாமல் கொஞ்சம் அகட்டி நிற்க வேண்டும், ஒட்டினால் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும்.

5. எப்போது

காலையில் எழுந்து, பாத்ரூம் போய்வந்து, காபிக்கு முன். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறிப் பாருங்கள், எடை அரை கிலோ கூடும். வயிற்றில் இருக்கும் தண்ணீரை அதற்குள் பிரித்தறியத் தெரியாமல் மெஷின் ஒரு பகுதியைக் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். மாலையில் காலில் நீர் இறங்கியிருப்பதால் கொழுப்பு குறைவாகத் தெரியலாம். ஆகவே காலை எண்ணைக் காலையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எதை நம்புவது?

எடையை நம்பலாம். கொழுப்புச் சதவீதத்தில் பல வாரங்களின் போக்கை மட்டும் பாருங்கள், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை அல்ல. எலும்பு எடை, ‘உடல் வயது’ எல்லாம் அதே சூத்திரத்தின் பேரன் பேத்திகள். நான் ஆப்பின் முகப்பிலிருந்தே மறைத்துவிட்டேன்.

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், ஆப்பில் பச்சையில் இருக்கிறதே என்றும் நிம்மதியாகிவிடாதீர்கள். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இந்தியர்களுக்கு 23லிருந்தே அதிக எடை என்று இங்குள்ள மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. பல ஆப்கள் 25 வரை பச்சை காட்டும். உள்ளுறுப்புக் கொழுப்பு என்று ஆப் தரும் எண்ணைவிடத் தையல்காரர் டேப் மேல்: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: கணவன் மனைவி இருவரும் ஏறக்குறைய ஒரே எடை என்றால் மெஷின் ஆளை மாற்றிவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பல மாடல்கள் எடையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கின்றன. ஏறுமுன் ஆப்பில் உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். விருந்தாளிக்கு கெஸ்ட் மோட்.

இன்னொன்று: மெட்டியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். தினமும் போட்டிருப்பதுதானே, தினமும் அதோடே ஏறுங்கள். இரண்டு கால் விரல்களும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் போதும்.