கருத்துக்கேட்புக் கூட்டம்: ‘பொதுமக்கள்’ யார், அங்கே எப்படிப் பேசுவது?

சுரங்கம், அனல்மின் நிலையம், ரசாயன ஆலை போன்றவை சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது, பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். இதற்கான விதிகளைச் சொல்லும் மத்திய அரசின் 2006 செப்டம்பர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் பொதுமக்கள் இரண்டு வகை. பாதிக்கப்படும் உள்ளூர்க்காரர்களுக்கு நேரடிக் கூட்டம். நியாயமான அக்கறையுள்ள மற்றவர்களுக்கு எழுத்து வழி. நீங்கள் உள்ளூர்க்காரர் என்றால் ஊர், சர்வே எண், திட்ட இடத்திலிருந்து தூரம் ஆகியவற்றை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வரவேண்டும். அதைப் பார்த்ததும் கலெக்டர் அலுவலகத்திலோ மாவட்டத் தொழில் மையத்திலோ திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்கத்தைச் சொல்லும் வரைவு அறிக்கையைக் கேட்டுப் படியுங்கள். தமிழில் பெரும்பாலும் சுருக்கம்தான் கிடைக்கும். கிணறு, ஓடை, பள்ளிக்கூடம் விடுபட்டிருப்பது முழு அறிக்கையின் வரைபடங்களிலும் அட்டவணைகளிலும்தான் தெரியும். படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள்.

இங்கே ஓட்டெடுப்பு கிடையாது. ஐந்நூறு பேர் “வேண்டாம்” என்று கத்தினாலும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ‘எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். “பக்கம் 84-இல் ஓடையே இல்லை என்கிறீர்கள், எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வருவதே அந்த ஓடையில்தான்” என்று கேட்டால், நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் இறுதி அறிக்கையிலும் இடம்பெற வேண்டும். ஆளுக்கு ஒரு பொருளாகப் பிரித்துக்கொண்டு பேசுங்கள். பேசியதையே எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

புறக்கணிப்பு பெரும்பாலும் நிறுவனத்துக்கே லாபம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற விதி இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. கலவரச் சூழலால் மக்கள் தாராளமாகப் பேச முடியாது என்று அறிக்கை போனால், நேரடிக் கூட்டமே தேவையில்லை என அனுமதி தரும் அமைப்பு முடிவெடுக்கவும் வழி இருக்கிறது.

தலைமை வகிப்பவர் கலெக்டர், அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) வருவார். வேறு யாராவது உட்கார்ந்தால் அங்கேயே ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள்.

பேசி முடித்ததும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். உங்கள் கேள்வி அதில் இல்லையென்றால் கையெழுத்தாகும் முன்பே சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாகும். பிறகு தகராறு வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேட்கலாம்.