தோட்டா கிடைக்காத பரம்பரை ரைபிளை என்ன செய்வது?

நீலகிரியிலும் பழனி மலையிலும் தோட்டங்களை ஒட்டிய பழைய வீடுகள் சிலவற்றில், முன்னோர் வாங்கிய வேட்டை ரைபிள் ஒன்று இன்றும் உரிமத்தோடு இருந்துவருகிறது. அதற்குரிய தோட்டா கடையில் கிடைப்பதில்லை. கிடைக்கும் தோட்டாவுக்கு ஏற்பக் குழலைக் குடைந்து மாற்றிக்கொள்ளலாமே என்று யாரேனும் ஒருவர் யோசனை சொல்லிவிடுகிறார். மாற்றக் கூடாது என்பதே என் தீர்மானமான கருத்து. அதற்கான காரணங்களையும், மாற்றுவதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியவற்றையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் உரிமப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் துப்பாக்கியின் வகை, துளை அளவு (குழலின் உள்விட்டம்), எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கும்; துப்பாக்கியில் பொறித்துள்ளவை அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். உரிமதாரர் இறந்துவிட்டார் என்றால் அந்த உரிமம் வாரிசுக்குத் தானாக வந்துவிடாது. ரைபிளைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டு, அதன் பிறகே வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். நீலகிரிக்காரர்களுக்கு அது உதகமண்டலம், கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே திரட்டி வைத்தால் அலைச்சல் குறையும். ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது; பரம்பரையாக வருவதும் அந்தக் கணக்கிலேயே சேரும். குடகு மக்களுக்கு உரிமம் பெறுவதிலிருந்து உள்ள விலக்கு நம் மலைக்கும் பொருந்தும் என்று சிலர் நம்புகிறார்கள், அது பொருந்தாது.

அடுத்து, ரைபிள் எந்தத் தோட்டாவுக்கு உரியது என்பதை அறிய வேண்டும். அதற்கு முன் குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் திருப்பி, போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் தாழைத் திறந்து, தோட்டா அமரும் அறையில் எதுவும் இல்லை என்பதைக் கண்ணால் மட்டுமன்றி விரலாலும் தொட்டு உறுதிசெய்து கொள்ளுங்கள். பழைய தோட்டா உள்ளே சிக்கியிருந்தால் கம்பியைக் குழல்வாய் வழியாக விட்டு இடிக்காமல், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

தோட்டாவின் பெயரில் உள்ள எண்ணை, அதிலிருந்து பாயும் குண்டின் விட்டம் என்று அப்படியே கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் தோட்டாவின் குண்டு .330 அங்குலம்; .303 தோட்டாவின் குண்டு .311 அங்குலம்; .275 ரிக்பி என்பது 7×57 மவுசரின் ஆங்கிலப் பெயர், அதன் குண்டு .284 அங்குலம். ஜெர்மானிய மவுசர் ரைபிள்களில் இன்னும் கவனம் தேவை. பழைய 8×57 குழலுக்கு .318 அங்குலக் குண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புதிய வகைக்கு .323 அங்குலம். மருந்தை அடக்கிய தோட்டா உறை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், புதிய தோட்டா பழைய குழலுக்குள் தடையின்றி நுழைந்துவிடவும் கூடும். ஆனால் ஆயிரத்தில் ஐந்து அங்குலம் பெரிதான அந்தக் குண்டு இறுக்கமான குழலுக்குள் தள்ளப்படும்போது எழும் அழுத்தத்தைத் தாங்கும்படி அந்த ரைபிள் செய்யப்படவில்லை.

ஆங்கிலேயக் குழல்களில் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைக் கூடத்தின் முத்திரை இருக்கும். இரட்டைக்குழல் ரைபிளில் குழல்களை மரக்கட்டையிலிருந்து கழற்றி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கார்டைட் 75, குண்டு 500 என்பது போன்ற பொறிப்பு தென்படும். 75 கிரெய்ன் கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்தும் 500 கிரெய்ன், அதாவது சுமார் 32 கிராம் எடையுள்ள குண்டும் அதற்குரிய உச்ச அளவு என்பது பொருள். குன்னூரை அடுத்த அருவங்காடு தொழிற்சாலை இந்தக் கார்டைட்டைத் தயாரிப்பதற்கென்றே இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் எழுந்தது. முத்திரை தேய்ந்திருந்தால், குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையை அறைக்குள் ஊற்றி அச்செடுத்து அளப்பதே நம்பகமான வழி. அது உரிமம் பெற்ற தொழிலாளியின் வேலை.

துளை மாற்றத்திற்கு இந்த நாட்டில் ஒரு முன்கதை உண்டு. 1907ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்குள் .450 துளை ரைபிள்கள் வருவதைத் தடைசெய்தது. கிளர்ச்சியாளர்களிடம் இருந்த பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் பயன்பட்டுவிடும் என்ற அச்சமே காரணம். அப்போதுதான் .470, .465 போன்ற துளைகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. ராணுவத் தோட்டாவான .303 இன்றும் தடை செய்யப்பட்ட துளையாகவே இருக்கிறது. வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் .315 ரைபிள் பொதுமக்களுக்கென வந்ததும் இப்படி ராணுவத் துளையைத் தவிர்ப்பதற்காகத்தான்.

மாற்றுவதில் என்ன சிக்கல் என்பதைப் பார்ப்போம். தோட்டா அறையைக் குடைந்து பெரிதாக்க முடியும், சிறிதாக்க முடியாது. அறை மட்டும் மாறினால் போதுமா என்றால் அதுவும் போதாது. உறையின் அடிவிட்டத்திற்கு ஏற்ப போல்ட்டின் முகம், நீளத்திற்கு ஏற்ப மேகசின், குண்டின் எடைக்கு ஏற்பக் குழலின் உட்புரி (குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள்), வேகத்திற்கு ஏற்பக் குறிக்கண் என ஒன்றைத் தொட்டால் அனைத்தையும் தொட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலானது அழுத்தம். 7×57 தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 51,000 பவுண்டு; .30-06 தோட்டாவுக்கு 60,000 பவுண்டு. நூறாண்டுக்கு முந்தைய எஃகு இந்தக் கூடுதல் பளுவைத் தாங்குமா என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. தாங்காவிட்டால் வாயு பின்பக்கமாக, சுடுபவரின் முகத்தை நோக்கித்தான் பாயும். இரட்டைக்குழல் ரைபிளில் இரு குழல்களும் ஒரே புள்ளியில் சுடும்படி, குறிப்பிட்ட ஒரு தோட்டாவை வைத்தே பொருத்தப்பட்டிருக்கும். தோட்டா மாறினால் கைவினைஞர் செய்த அந்த வேலை முழுவதும் வீணாகும்.

சட்டமும் இதில் கடுமையாகவே இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கியை மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும் குற்றம். ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகத் தடைசெய்தது. இக்குற்றங்களுக்கு ஏழாண்டு முதல் ஆயுள்வரை சிறைத் தண்டனை உண்டு. மாற்றிய ரைபிள் உரிமப் புத்தகத்தில் எழுதியுள்ள துளையோடு ஒத்துப்போகாது என்பதால் உரிமதாரரின் உரிமமும் கேள்விக்குள்ளாகும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின்படி இன்று வேட்டைக்கு இடமே இல்லை. பயிரை மேயும் விலங்கானாலும் அதிகாரியின் அனுமதியின்றிச் சுடக் கூடாது. ஆகவே தோட்டா கிடைக்காதது இன்று பெரிய இழப்பன்று. ரைபிள் துருப்பிடிப்பதுதான் இழப்பு.

ஆகையால் உழைப்பைப் பராமரிப்பில் செலுத்துங்கள். பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து எரிந்தபின் குழலுக்குள் ஒருவகை உப்பைப் படியவிடும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தேவாலா, கூடலூர் பக்கத்து ஆடி மழையிலும், உதகையின் பனிமூட்டத்திலும் அதற்குப் பஞ்சமில்லை. போல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைவிளக்கொளியில் பின்பக்கமிருந்து பாருங்கள். அறைக்குச் சற்று முன்னால், புரிகள் தொடங்கும் இடத்தில், மிளகுத்தூள் தூவியது போன்ற பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது உப்பின் வேலை. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். கொதிநீரைப் புனல் வழியாகப் பின்பக்கமிருந்து கட்டைக்குள் இறங்காதபடி ஊற்றி, உலர்ந்த துணியைப் பலமுறை செலுத்தித் துடைத்து, குழல் சூடாக இருக்கும்போதே மெல்லிய எண்ணெய் பூசுங்கள். நம் வீடுகளில் எதற்கும் தைலத்தைத் தொட்டுத் துடைக்கும் பழக்கம் உண்டு. ரைபிளுக்கு நீலகிரித் தைலம் வேண்டாம். அது பழைய பிசுக்கை அகற்றும், கூடவே காப்பு எண்ணெயையும் கொண்டுபோகும், கட்டையின் மெருகையும் இளக்கிவிடும். வால்நட் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் மிக மெல்லியதாகத் தேய்ப்பதே போதும்.

தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழல்வாயைத் துணியால் அடைப்பதும் அதே தீங்கைச் செய்யும். பூட்டிய இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையை வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையாவது எடுத்து, கைரேகை படிந்த இடங்களை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

தேர்தல் காலத்தில் ரைபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரும்போது இன்னும் கவனம் தேவை, ஏனெனில் வாரக்கணக்கில் அது யாரும் தொடாத அறையில் நிற்கும். ஒப்படைப்பதற்கு முதல் நாள் குழலின் உள்ளும் புறமும் கெட்டியான எண்ணெய் பூசி, எண்ணும் முத்திரைகளும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, ரசீதில் துப்பாக்கி எண்ணோடு குறிக்கண், தோள்வார் போன்ற துணைப் பொருட்களும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். திரும்பப் பெற்ற அன்றே எண்ணெயைத் துடைத்துக் குழலை விளக்கொளியில் மறுபடி பாருங்கள்.