தரங்கம்பாடி: கோட்டைக்கு முதலில் போகாதீர்கள்

தரங்கம்பாடிக்கு முதல்முறை போனபோது, பேருந்தை விட்டு இறங்கியதும் நேராகக் கோட்டைக்குத்தான் போனேன். அன்று வெள்ளிக்கிழமை, கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது முறை ஊரின் நுழைவாயிலில் தொடங்கி நடந்தேன். அந்த ஊரை அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. நாள் குறிப்பது

வெள்ளிக்கிழமை வேண்டாம். ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், அந்த நேரத்தில் சுற்றிப் பார்ப்பது சரியில்லை. மற்ற நாட்கள் எதுவும் சரி. தை, மாசி மாதங்கள் நடப்பதற்கு நன்றாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும்.

2. போய்ச் சேர்வது

மயிலாடுதுறை வரை ரயில். அங்கிருந்து ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் போகும் பேருந்து. முன்பு மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே மீட்டர்கேஜ் ரயில் ஓடியது, 1986இல் நின்றுபோனது. ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவையுங்கள். இந்தப் பக்கமிருந்து போனால் தரங்கம்பாடி முதலில் வரும், அடுத்தது பொறையாறு. காரைக்காலிலிருந்து வந்தால் அப்படியே தலைகீழ்.

கையில் எடுத்துக்கொள்ள: தண்ணீர், நுழைவுச்சீட்டுக்குச் சில்லறை, கழற்றி மாட்ட எளிதான செருப்பு. ஷூ வேண்டவே வேண்டாம். கோயிலில் கழற்ற வேண்டும், கடற்கரையில் மணல் புகுந்துவிடும். குடையைவிடத் தொப்பி மேல், அதுவும் தாடையில் கட்டிக்கொள்ளும் கயிறு உள்ளதாக. கடற்காற்றில் குடை நிற்காது.

3. நுழைவாயிலிலிருந்து நடப்பது

இந்த இடத்தில்தான் நான் முதலில் தவறினேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆட்டோவில் போனால் நேராகக் கோட்டை வாசலில் இறக்கிவிடுவார்கள். அப்படிப் போனால் ராஜ வீதி முழுவதும் ஜன்னல் வழியே ஓடிவிடும். டென்மார்க்கிலிருந்து வந்து இந்த ஊரை ஆண்ட டேனிஷ்காரர்கள் 1792இல் கட்டிய வெள்ளை நுழைவாயிலிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைந்து கடலைப் பார்த்து நடந்தால், பழைய வீடுகளும் இரண்டு தேவாலயங்களும் அந்த ஒரே வீதியில் இருக்கின்றன.

1701இல் எழுந்த சீயோன் தேவாலயம் டேனிஷ்காரர்களுக்காகக் கட்டப்பட்டது. 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கானது. அதன் முகப்பில் டேனிஷ் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரையும் கிரீடமும் இருக்கும், நின்று பாருங்கள். உள்ளே ஜெர்மானிய கிறிஸ்தவ ஊழியர் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706 ஜூலையில் இந்தக் கரையில் இறங்கி, சிறுபிள்ளைகளோடு மணலில் எழுத்துப் பழகித் தமிழ் கற்றவர். அவர் தமிழாக்கிய பைபிளின் புதிய ஏற்பாடு 1715இல் இந்த ஊரிலேயே அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். அச்சுக்கு வேண்டிய காகிதத்தைச் செய்யப் பக்கத்துப் பொறையாறில் ஒரு பட்டறையே போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் வந்துவிட்டது. 1719இல், நாற்பது வயதைத் தொடாமலே அவர் இறந்துபோனார்.

கதவு மூடியிருந்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர்களிடம் பணிவாகக் கேளுங்கள். எனக்கு அப்படித்தான் திறந்துவிட்டார்கள்.

4. கோட்டை

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனிஷ்காரர்கள் கட்டியது. டான்ஸ்போர்க் என்பது அவர்கள் வைத்த பெயர். கீழ்த்தளத்து அறைகள் இருட்டாக இருக்கும், கைப்பேசி விளக்கு போதும். 1708இன் இறுதியில் சீகன்பால்குவை டேனிஷ் ஆளுநரே பிடித்து நான்கு மாதம் இந்தக் கோட்டையில் அடைத்துவைத்தார். அவருடைய கல்லறையைப் பார்த்துவிட்டு அதே காலையில் இந்த அறைகளுக்குள் நிற்பதற்காகத்தான் கோட்டையைத் தேவாலயங்களுக்குப் பிறகு வைக்கச் சொல்கிறேன். 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

5. மாசிலாமணிநாதர் கோயில்

கோட்டையிலிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால் வந்துவிடும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் கட்டியது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது துறைமுக ஊர். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போனவர்களில் இரண்டு பேர் இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். ஒன்று, வயதானவர்களை அழைத்துப் போனால் முழு வீதியையும் நடக்க வைக்க முடியவில்லை என்பது. அப்படியானால் நுழைவாயிலிலிருந்து தேவாலயம் வரை மட்டும் நடந்துவிட்டு, அங்கிருந்து கோட்டைக்கு ஆட்டோ பிடியுங்கள். இன்னொன்று அந்தப் பாறைகள். படம் எடுக்க மேலே ஏறியவருக்குப் பாசியில் கால் வழுக்கி முழங்காலில் நல்ல அடி. தயவுசெய்து அந்தப் பாறைகளில் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற விடாதீர்கள். கோட்டைக்கு எதிரே உள்ள மணலிலிருந்தே கோயிலும் கடலும் சேர்ந்து படத்தில் விழும்.